பதினோரு மணிப் பள்ளிக்கூடம்

ஹெலன் டீச்சருக்கு விருது கிடைத்ததற்கு முழுக் காரணம் தலைமையாசிரியர் வாசுதேவனின் கை. மனசு அல்ல, கை. முப்பது வருஷமாக நன்னடத்தைச் சான்றிதழ் எழுதி எழுதி அந்தக் கை ஒரே தடத்தில் ஓடப் பழகிவிட்டது. யாரைப் பற்றி எழுதினாலும் 'ஒழுக்கம், பணிவு, காலம் தவறாமை' என்று மூன்றையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் நிற்கும். பள்ளிக்கூடத்துக் கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்க வந்த தீயணைப்புக்காரர்களுக்கு அவர் எழுதிய நன்றிக் கடிதத்தில்கூட காலம் தவறாமை இருந்தது. அவர்கள் வந்து சேர்வதற்குள் ஆடு செத்துப்போயிருந்தது.

செங்கல்பட்டில் ஒரு நற்பணி மன்றம். அதன் தலைவர் ராஜாராம், கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமான புதிதில் கடலைப் பார்த்தபடி ஓட்டல் கட்டியவர். ஓட்டல் கட்டியவருக்கு அடுத்ததாகக் கல்வியின் மீது அக்கறை வந்தது. சிறந்த இளம் ஆசிரியர்களை அடையாளம் காட்டச் சொல்லி எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் எழுதினார். வாசுதேவன் நிஜமான பிரியத்தோடு ஹெலனின் பெயரை அனுப்பினார். 'சிறப்புத் தகுதி' என்ற இடம் வந்ததும் கை தன் வேலையைக் காட்டியது.

"உனக்குத்தாம்மா கெடச்சிருக்கு!" என்றார், இரண்டாயிரமாவது வருஷத்து டிசம்பரில் ஒரு நாள் காலை.

"எதுக்கு சார்?"

"காலம் தவறாமைக்கு."

ஹெலன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்து. பள்ளிக்கூடத்தில் அவரையும் அவளையும் சத்துணவு அடுப்பை மூட்டிக்கொண்டிருந்த ஆயாவையும் தவிர ஒரு ஜீவன் கிடையாது.

அது கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் பனையடிக்குப்பம் என்ற மீனவக் குப்பத்தின் நடுநிலைப் பள்ளி. ஒன்பதரைக்கு மணி அடிக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. கரைவலை இழுத்து முடிய பத்தரை ஆகும் என்பது கடலின் கணக்கு. வலை கடலுக்குள் போனால் அதன் கயிற்றை இரண்டு பக்கமும் ஊரே நின்று கரைக்கு இழுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு கை வந்தாக வேண்டும் என்பது குப்பத்துச் சட்டம். கை வராத வீட்டுக்கு மீனில் பங்கு கிடையாது. பெரியவர்கள் கட்டுமரத்தில் போய்விட்ட வீடுகளில் அந்தக் கை பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயசுக் கையாக இருக்கும்.

ஹெலன் வேலைக்கு வந்த புதிதில் வகுப்பில் நாலைந்து பேர் இருப்பார்கள். மீதிப் பேர் மத்தியானம் முட்டை வேகிற நேரத்துக்குக் காலெல்லாம் மணலோடு வருவார்கள், சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். வருகைப் பதிவேட்டில் மட்டும் எல்லோரும் காலையிலிருந்தே இருந்தார்கள்.

இரண்டு மாதம் பார்த்தாள். பிறகு மணி அடிக்கும் இரும்புக் கம்பியை எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்து மணி என்பது வேப்பமரத்தில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. அதைப் பதினோரு மணிக்கு அடித்தாள். வலையை இழுத்து முடித்த பிள்ளைகள் சத்தம் கேட்டு அப்படியே ஓடி வந்தார்கள். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உட்கார வைத்தாள். ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து, செய்யூரில் அவள் எடுத்திருந்த வாடகை அறைக்குப் போனாள்.

"சார், இது உங்களுக்குத் தெரியும்ல?" என்று விருதுச் செய்தி வந்த அன்று காலை வாசுதேவனிடம் கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் அவர். "எனக்குத் தெரியாதுங்கறது எனக்கு நல்லாத் தெரியும்."

ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த மனிதரிடம் இதைவிடப் பெரிய வீரத்தை எதிர்பார்க்க முடியாது.

ஹெலனுக்குச் சொந்த ஊர் வேடந்தாங்கலுக்குப் பக்கம். அப்பா ஜெரோம் இப்போது மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் கழனியில்தான் வாழ்க்கை. நடவு நாட்களில் ஹெலனும் நாற்றுக்கட்டு தூக்கிப் போட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். கேட் சாத்தியிருக்கும். வெளியே நிற்பாள். ஏரிக்குப் பறவை பார்க்க வந்தவர்கள் பைனாகுலரைத் திருப்பி அவளையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார்கள்.

பதினோரு மணிப் பள்ளிக்கூடத்துக்கு எட்டாம் வகுப்பில் ஒரு கொடிமரம் இருந்தது. பெயர் ஸ்ரீதேவி. அப்பா மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அம்மா செங்கம்மாள் விடியற்காலை பஸ்ஸில் கூடையோடு செய்யூர் மார்க்கெட்டுக்குப் போய் மீன் விற்றுவிட்டுப் பொழுது சாயத் திரும்புவாள். வீட்டின் கை ஸ்ரீதேவிதான். கயிறு இழுத்த உள்ளங்கை காய்ப்பு காய்த்து பேனா பிடித்தால் வழுக்கும். ஆனால் கணக்கு என்றால் ஹெலன் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடை வந்து விழும். குப்பத்திலிருந்து ஒரு பெண்ணும் அதுவரை ஒன்பதாம் வகுப்பைப் பார்த்ததில்லை. ஜூன் மாதம் இவள் பார்த்துவிடுவாள். கடப்பாக்கத்து உயர்நிலைப் பள்ளியில் ஹெலன் ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள். அதுவரைக்கும் இந்தப் பதினோரு மணி உடையாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஹெலனுக்கு வேண்டியது.

"மன்றத்துலேர்ந்து நேர்ல பார்க்க வராங்கம்மா," என்றார் வாசுதேவன், சந்தோஷம் வடிந்துபோன குரலில். "கூட நம்ம கல்வி அலுவலரும் வரார். காலைல மொத மணி அடிக்கறப்பவே இருந்து பார்க்கணுமாம். நாளைக்கே, வியாழக்கிழமை."

"வேணாம்னு சொல்லிடுங்க சார்."

"ஏன் வேணாம்னு கேப்பாங்களேம்மா."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஹெலன் கரைக்கு ஓடினாள். குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர் செல்வராஜ் வலையை விரித்துப் போட்டுக் கிழிசல் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரே ஒரு நாள். பள்ளிக்கூடத்துப் பசங்கள மட்டும் ஒம்போது மணிக்குக் கயித்துலேர்ந்து விட்டுருங்க. பங்கை நிறுத்தாதீங்க. அவ்வளவுதான்."

"இன்னா டீச்சர், எதுனா பேஜாரா?"

"எனக்கு விருது குடுக்கறாங்களாம்."

செல்வராஜ் எழுந்து நின்றுவிட்டார். "அட! அதுக்கு ஏன் மூஞ்ச இப்டி வச்சிகினு கீற? உனுக்குக் குடுத்தா குப்பத்துக்கே குடுத்த மாதிரி. நீ கெளம்பு. நான் பாத்துக்கறேன்."

"பெருசா ஒண்ணும் வேணாம்ணே. பள்ளிக்கூடத்துப் பசங்க மட்டும்."

"நீ போ டீச்சர். நான் கீறேன்ல?"

அன்று சாயங்காலம் கங்கையம்மன் கோயில் ஸ்பீக்கரில் செல்வராஜின் குரல் குப்பம் முழுக்கக் கேட்டது. வியாழக்கிழமை வலை கடலில் இறங்காது. டீச்சருக்காக வீட்டுக்கு ஒரு கை பள்ளிக்கூடத்துக்கு வந்தாக வேண்டும். வராத வீட்டுக்கு தண்டம். நன்றி, வணக்கம்.

அவர்களுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். கோயில் கூழுக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான், வலைக்கும் அதுதான். டீச்சரின் கௌரவத்தையும் அதே கயிற்றில் கட்டி இழுத்துவிடலாம் என்று முழு மனசோடு நம்பினார்கள். அறிவிப்பு வந்த நேரம் ஹெலன் செய்யூர் பஸ்ஸில் இருந்தாள்.

வியாழக்கிழமை எட்டரைக்கெல்லாம் பள்ளிக்கூடம் நிரம்பிவிட்டது. ஹெலன் உள்ளே வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். பதிவேட்டில் அறுபத்திரண்டு பேர். உள்ளே அதுபோல இரண்டு மடங்குக்கு மேல். படிப்பை விட்டு ஐந்து வருஷமான மீசைக்காரர்கள் தம்பியின் அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போன தையில் கல்யாணமான பெண் இடுப்பில் குழந்தையோடு ஆறாம் வகுப்பில் இருந்தாள். பிள்ளையே இல்லாத ஒரு வலைக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வழிய வழியத் தலைசீவி, மூன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் இரண்டும் காதைத் தொட உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நீங்க ஏன்?"

"எங்க வூட்ல வேற கை இல்லியே டீச்சர்."

ஹெலன் எட்டாம் வகுப்புக்கு ஓடினாள். ஸ்ரீதேவியின் இடத்தில் செங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். கொண்டையில் கனகாம்பரம்.

"அக்கா, ஸ்ரீதேவி எங்க?"

"மார்க்கெட்டுக்கு அனுப்பிட்டேன் டீச்சர்."

"என்னக்கா சொல்றீங்க?"

"வூட்டுக்கு ஒரு கைன்னுதான சொன்னாங்கோ? உனுக்கு விருது. சின்னப் பொண்ண அனுப்புனா மரியாதியா இருக்குமா? நானே வந்துட்டேன்."

"எனக்கு அவதாங்க்கா வேணும்! அவளுக்காகத்தான் இதெல்லாம்!"

செங்கம்மாளின் முகம் சுருங்கியது. "நேத்து மீனு ஐஸ்ல கீது டீச்சர். இன்னிக்கி வலையும் இல்ல. விக்காம வுட்டா நாறிடும். ஒரு நாளுதான? அழுவாத. நாளைக்கி அனுப்பறேன்."

அழவில்லை என்று சொல்ல ஹெலன் வாயைத் திறந்தாள். பொய் சொல்வது அன்றைக்குப் போதும் போதும் என்றிருந்தது.

ஒன்பதரைக்கு வாசுதேவன் தன் கையால் தண்டவாளத்தை அடித்தார். அவர் அதை அடித்து இரண்டு வருஷமாகியிருந்தது. கூட்டம் மொத்தமும் எழுந்து, கோயிலில் தீபாராதனைக்கு நிற்பதுபோல் நின்றது. பிறகு உட்கார்ந்தது. சாலையையே பார்த்தது.

பத்து மணிக்கு யாரும் வரவில்லை. பத்தரைக்குக் கைக்குழந்தைகள் அழ ஆரம்பித்தன. மீசைக்காரர்கள் பின்பக்கம் போய் பீடி பிடித்துவிட்டு வந்தார்கள். செல்வராஜ் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார், வெளியே போக முயன்றவர்களை உள்ளே தள்ளிக்கொண்டு. மூன்றாம் வகுப்பு வலைக்காரர் தூங்கிவிட்டார்.

காலம் தவறாமையைப் பரிசோதிக்கிற குழுவின் கார் பதினொன்று ஐந்துக்கு வந்து நின்றது.

"சாரி மேடம்," என்றபடி ராஜாராம் இறங்கினார். "மாமல்லபுரம் தாண்டி ஒரு எடத்துல நாஸ்தா. இட்லி பிரமாதம், எழுந்திரிக்கவே மனசு வரல."

ஹெலன் வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத்தைப் பார்த்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல், எதையும் மாற்றாமல், எப்போதும்போல இருந்திருந்தால் இந்த நிமிஷம் அறுபத்திரண்டு பிள்ளைகளும் கரையிலிருந்து ஓடி வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஸ்ரீதேவி முதல் பெஞ்சில் இருந்திருப்பாள். இட்லி தின்று வந்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

கல்வி அலுவலர் மூன்றாம் வகுப்பில் எட்டிப் பார்த்தார். வலைக்காரர் திடுக்கிட்டு எழுந்து நின்றார்.

"நீங்க யாரு?"

"மூணாங்கிளாஸ் சார்."

"எத்தன வருஷமா?"

"இன்னிக்குத்தான் சார் சேந்தேன்."

அலுவலர் வாசுதேவனின் பக்கம் திரும்பினார். "உங்க ரெஜிஸ்டர்ல எத்தன பேர் சார்? இங்க எத்தன பேர் இருக்காங்க?"

வாசுதேவனுக்குக் காதோரம் வேர்த்து ஒழுகியது. "இவங்கல்லாம்... ஆர்வத்துல வந்தவங்க சார்."

முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் ஓர் அதிகாரியிடம் சொன்ன அப்பட்டமான உண்மை அதுவாகத்தான் இருக்கும். அலுவலர் நம்பவில்லை. ராஜாராம் நம்பினார்.

"இதுதான் சார் தாக்கம்!" என்றார் கண் கலங்க. "ஒரு டீச்சருக்காக ஒரு ஊரே ஸ்கூலுக்கு வருது பாருங்க! போட்டோ எடுப்பா, எல்லாரும் விழணும். மேடம், நீங்க நடுவுல. கொஞ்சம் சிரிங்க."

அந்தப் போட்டோவில் ஹெலன் சிரிக்கவில்லை. பக்கத்தில் செங்கம்மாள் சிரிக்கிறாள்.

ஜனவரியில் செங்கல்பட்டு கல்யாண மண்டபம் ஒன்றில் விழா. சால்வை போட்டார்கள். கேடயம் கொடுத்தார்கள். அதில் 'காலம் தவறாமையின் சிகரம்' என்று பொறித்திருந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்து வைத்திருந்ததை ஹெலன் மைக்கில் சொன்னாள்.

"எங்க ஸ்கூல்ல மணி பதினோரு மணிக்குத்தான் அடிக்கிறோம். பிள்ளைங்க வலை இழுத்துட்டு வரணும். ஒம்பதரைக்கு அடிச்சா யாரும் வர மாட்டாங்க. தயவுசெஞ்சு அத அப்படியே விட்ருங்க. இந்தக் கேடயத்த வேணா திருப்பி எடுத்துக்கங்க."

பேச்சு சீக்கிரம் முடிந்த சந்தோஷத்தில் மண்டபம் கை தட்டியது. பந்தியில் இலை போட ஆரம்பித்திருந்தார்கள். ராஜாராம் மைக்கை வாங்கி, "மேடத்தோட தன்னடக்கம்!" என்றார். அதற்கும் தட்டினார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர்தான், முன்வரிசையில் கல்வி அலுவலர். அவர் தட்டவில்லை.

பிறகு ராஜாராம் ஆச்சரியப் பரிசை எடுத்து வரச் சொன்னார். ரிப்பன் கட்டிய ஒரு மின்சார மணி. கூடவே கடிகாரப் பெட்டி. யாரும் அடிக்க வேண்டாம், காலை ஒன்பதரைக்குத் தானே அடிக்கும், சாயங்காலம் நாலு பத்துக்குத் தானே அடித்து வீட்டுக்கு அனுப்பும். காலம் தவறாத டீச்சருக்குக் காலம் தவறாத மணி.

அடுத்த வாரமே ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். கூடவே அலுவலர் வந்து வாசுதேவனைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடையில அந்தம்மா பேசினது என் காதுல விழலன்னு வச்சுக்கறேன். மணி அடிக்கறப்ப பிள்ளைங்க இருக்கணும், நாலு பத்துக்குப் பூட்டிடணும். எப்ப வேணா வருவேன்." பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு போட்டது போலாயிற்று. தெரியாமல் இருப்பது என்ற தன் ஒரே கலையையும் வாசுதேவன் கைவிட வேண்டியதாயிற்று.

மறுநாளிலிருந்து ஒன்பதரைக்கு மணி கத்தியது. ஒன்பது பேர் வந்தார்கள். சில நாள் ஏழு பேர். மற்றவர்கள் கயிற்றைப் பிடித்தபடியே சத்தம் வந்த திசையைப் பார்த்துவிட்டு மறுபடி இழுத்தார்கள். பத்தரைக்கு மேல் வரலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வகுப்பு நடக்கும்போது உள்ளே வருவது அவர்களுக்குக் கூச்சம்.

ஸ்ரீதேவி வரவேயில்லை. ஒரு நாள் என்றுதான் செங்கம்மாள் சொன்னாள். அதைக் கேட்கத்தான் ஹெலன் அவள் வீட்டுக்குப் போனாள்.

"நான் இன்னா பண்ணுவேன் டீச்சர்?" என்றாள் செங்கம்மாள். "நான் போனா பொழுது சாயற வரைக்கும் குந்திகினு கால் கூடையத் திருப்பித் தூக்கினு வருவேன். அவ போன அன்னிக்கி பத்து மணிக்கெல்லாம் கூடையக் கவுத்துட்டா. இப்ப கயித்துக்கு நான் போறேன், அவ ரெண்டு கூட வித்துட்டு நாலு மணிக்கு வர்றா. பேரம் பேச வுட மாட்றா. வாங்க வர்றவன் வாயத் தொறக்கறதுக்குள்ள கணக்கச் சொல்லிடறா. இப்ப எனுக்குக் கூட மார்க்கெட்ல மரியாதி, ஸ்ரீதேவி அம்மான்னு. எல்லாம் நீ சொல்லிக் குடுத்த கணக்குதான் டீச்சர். நீ நல்லா இருக்கணும்."

செங்கம்மாள் ஹெலனின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு நாள், காலை பஸ்ஸுக்குக் கிளம்பிய ஹெலன் ஸ்டாண்டுக்குள் போகாமல் மார்க்கெட்டுக்குள் போனாள். கருவாட்டு வரிசை தாண்டி, ஈரத் தரையில் ஸ்ரீதேவி உட்கார்ந்திருந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகி, அம்மாவின் பழைய சட்டை. எதிரில் சங்கரா மீனும் காரப்பொடி மீனும்.

"இன்னா டீச்சர், நீ இங்க?" முகம் மலர்ந்துவிட்டது. "குந்து. ஐயோ, அங்க ஈரம், இப்டி குந்து."

ஹெலன் சாக்கின் மேல் உட்கார்ந்தாள். "வாடி. ஜூன்ல ஒம்பதாவது சேர்த்துடறேன். நாலு மாசம் வா."

ஸ்ரீதேவி ஓர் ஆளுக்கு மீனை அள்ளிப் போட்டு, சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினாள். "சாயந்தரம் ஆறு மணி வரைக்கும் நடக்குதா டீச்சர் இன்னும்? நாலு மணிக்கு மேலன்னா வந்துடுவேன்."

"நாலு பத்துக்கே மணி அடிச்சிடுது. பூட்டிடறோம்."

"ஓ."

"பூட்டுனா என்ன? வெளிய வேப்பமரத்தடில நான் உக்காந்திருக்கேன். நீ வா."

ஸ்ரீதேவி கூடையில் கையை விட்டுக் கலைந்திருந்த மீனை வரிசையாக அடுக்கினாள். "அம்மாவ கேட்டுட்டு சொல்றேன்," என்றாள். கணக்கில் அவள் இத்தனை மெதுவாக எந்த விடையையும் சொன்னதில்லை. பிறகு எழுந்து ஸ்டாண்டு பக்கம் பார்த்தாள். "டீச்சர், உன் பஸ்ஸு போவுது பாரு. மணி அடிச்சிடும். போ."

அந்த பஸ் போய்விட்டது. அடுத்ததைப் பிடித்துக் கடப்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து மணலில் நடந்து வந்து சேர்ந்தபோது பத்தரை தாண்டியிருந்தது. கையில் காகிதத்தில் சுற்றிய இரண்டு சங்கரா மீன். காசு வாங்கமாட்டேன் என்று ஸ்ரீதேவி அடம்பிடித்துக் கொடுத்தது. சட்டமிட்ட குரூப் போட்டோவுக்குக் கீழே கேடயம் பளபளத்தது. உள்ளே எட்டுப் பிள்ளைகள்.

"லேட்டும்மா," என்றார் வாசுதேவன், குரலில் கோபமில்லாமல்.

"ஆமா சார்."

மீனை ஜன்னலில் வைத்தாள். அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு அந்த இரும்புக் கம்பியைத் தேடி எடுத்தாள். வாசுதேவன் பார்த்தார். சாலையில் கார் ஏதும் வருகிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, தலையை அதற்குள் புதைத்துக்கொண்டார். அவருக்குத் தெரியாது.

பதினொன்றுக்கு ஹெலன் தண்டவாளத்தை அடித்தாள்.

முதலில் கரையில் ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு நாலைந்து. சுருட்டிக்கொண்டிருந்த கயிற்றைப் போட்டுவிட்டு, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, நம்பிக்கையில்லாமல் பாதித் தூரம் நடந்து, அப்புறம் ஓடி வந்தார்கள். அவளைத் தாண்டி உள்ளே போனார்கள். பெஞ்சுகள் இழுபடும் சத்தம் கேட்டது. எட்டாம் வகுப்பின் முதல் பெஞ்சில் ஓர் இடத்தை விட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

ஹெலன் அடித்துக்கொண்டிருந்தாள். செய்யூர் அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

வாசுதேவன் வெளியே வந்தார். "போதும்மா. எல்லாரும் வந்தாச்சு."

அவள் கம்பியைக் கீழே வைக்கவில்லை.